கழுத்துப் பிடிப்பு

1

கிளாரா பெயருக்கு வந்த கடிதத்தை நான் பிரித்திருக்கக் கூடாது. பதினெட்டு வயது முடிந்த பிள்ளையின் கடிதத்தைப் பெற்றவர்கள் பிரிப்பது இந்த நாட்டில் பெரிய மரியாதைக் குறைவு. ஆனால் உறையின் மேல் எங்கள் டாக்டருடைய முத்திரை இருந்தது. பார்த்ததும் கிழித்துவிட்டேன்.

நாலே வரிதான். இந்த வருஷம் பல்கலைக்கழகத்தில் சேருகிற பிள்ளைகள் எல்லோரும் விடுதிக்குப் போவதற்கு முன் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை வந்தால் நர்ஸ் போட்டுவிடுவார். சமையலறையில் நின்றபடியே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலைக்கு நேரமாகிறது என்று என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து குரல் கொடுத்தது காதில் விழவே இல்லை.

நான் காரைக்குடி செக்காலைக்காரி. கல்யாணமாகி இங்கிலாந்தின் வடக்கே இந்த மழை ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். நான் ஓர் ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறேன். கிளாரா எங்களுக்கு ஒரே பெண், இங்கேயே பிறந்தவள். இன்னும் சில மாதத்தில் ரெண்டாயிரமாவது வருஷம் பிறக்கப் போகிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சாக இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. எங்களுக்கு அதற்கு முன்னால் அக்டோபர் வர வேண்டும். அமலன் போய் ஒரு வருஷம்.

அமலன் என் அண்ணன் மகன். அவனுக்கு என்ன நடந்தது என்பதை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது நம் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் படிக்க வெளிநாடு வரத் தொடங்கிவிட்டார்கள். அனுப்புகிறவர்களுக்காகவும், இங்கே இருந்துகொண்டு ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்கிற என்னைப் போன்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

2

அண்ணன் சவரிமுத்து திருப்பத்தூரில் உயர்நிலைப் பள்ளி வாத்தியார். காரைக்குடியிலிருந்து தினமும் குன்றக்குடி வழியாகப் பஸ்ஸில் போய்த் திரும்புகிறவர். பி.இ. முடித்த அமலனுக்கு இங்கே மேல்படிப்புக்கு இடமும் உதவித்தொகையும் கிடைத்தபோது அதைச் சொல்ல எனக்கு ஃபோன் செய்தார். பாதியில் அழுதுவிட்டார். மதினிதான் ஃபோனை வாங்கி மீதியைச் சொன்னார்.

பல்கலைக்கழகம் அனுப்பிய காகிதக் கட்டில் ஒரு தாள் இந்தத் தடுப்பூசியைப் பற்றியது. முடிந்தால் ஊரிலேயே போட்டுக்கொண்டு வரவும், இல்லாவிட்டால் இங்கே வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. அண்ணன் எதையும் பாதியில் விடுகிறவரில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு காரைக்குடியில் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறியிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு கடையில் இருந்த பாய்தான் விவரம் சொல்லியிருக்கிறார்.

“இது ஹஜ்ஜுக்குப் போறவுகளுக்குப் போடுற ஊசி சார். இங்க வராது. தம்பியைக் கையோட மெட்ராஸுக்குக் கூட்டிப் போயிப் போட்டுட்டு வந்துருங்க.”

அண்ணன் அன்றே போய் ரெண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தார்.

“எதுக்குண்ணே இன்னொரு அலைச்சல்?” என்றேன் நான். “பாஸ்போர்ட்டு, விசான்னு ஏற்கெனவே மெட்ராஸுக்கும் வீட்டுக்கும் நடையா நடந்துட்டீக. இங்க வந்த மறுநாளே நான் கூட்டிப் போயிப் போட்டு விட்டுர்றேன். இங்க இதெல்லாம் சுளுவு.”

“நிச்சயமாத்தானே சொல்றே ரோஸி?”

“நானா விட்டுருவேன்?”

அண்ணன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் அன்று சொன்னது பொய்யில்லை. செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் அந்த ‘சுளுவு’ என்ற சொல்லில், இருபது வருஷம் இங்கே இருந்துவிட்டவளின் பெருமையும் கொஞ்சம் இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

3

போன வருஷம் செப்டம்பரில் வந்தான். மெலிந்து, உயரமாக, மதினி பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரோடு விமான நிலையத்தில் நின்றான். சொன்னபடி மறுநாளே எங்கள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வரவேற்பில் இருந்த பெண், “இவர் எந்த ஊரில் தங்கிப் படிக்கிறாரோ அங்கேதான் பதிய வேண்டும்” என்றாள். தற்காலிகமாக இங்கேயே பதிய வழி உண்டாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. தாங்க்யூ என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இந்த ஊரில் நான் அதிகம் சொன்ன வார்த்தை தாங்க்யூதான்.

ஒரு வாரம் எங்களோடு இருந்தான். சாப்பாட்டு மேசையில் அவனும் கிளாராவும் எதிரெதிரே உட்காருவார்கள். அவன் இங்கிலீஷ் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “சாரி?” என்பாள். அவன் மறுபடி நிதானமாகச் சொல்வான். பிறகு ரெண்டு பேரும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

“அத்தை, கிளாராவுக்குத் தமிழே தெரியாதா?” என்று ஒருநாள் கேட்டான்.

“பேச வராது. புரியும்” என்றேன்.

புரியாது. வா, சாப்பிடு, போதும். அதற்கு மேல் இல்லை. அவள் நர்சரியில் சேர்ந்தபோது, வீட்டில் இங்கிலீஷிலேயே பேசினால் குழந்தைக்கு நல்லது என்று டீச்சர் சொன்னார். நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

விடுதி எங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கே போனதும் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பதிந்துவிட்டான். அந்தப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இவன் ச. அமலன். இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறான். ஊசிக்கு நாள் குறித்துக் கடிதம் வரும் என்றார்களாம். விடுதி வாசலில் எழுத்து வாரியாகத் தபால் தட்டுகள் இருந்தன. தினமும் ‘ஏ’ தட்டைப் பார்த்துவிட்டு வருவான்.

“இன்னும் லெட்டர் வரலை அத்தை” என்று ஃபோனில் சொன்னான்.

“வரும். இங்க எல்லாம் வரிசைப்படிதான் நடக்கும்” என்றேன்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து ரசமும் சாதமும் சாப்பிட்டுவிட்டுப் போனான். அப்போதும் நான் ஞாபகப்படுத்தவில்லை.

4

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கிளாரா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மேசையிலேயே பாடப் புத்தகத்தை விரித்திருந்தாள். ஃபோன் அடித்தது.

“அத்தை, காய்ச்சலா இருக்கு. மண்டையைப் பிளக்குது.”

“குளிர் ஒத்துக்கலை போல. மாத்திரை போட்டியா?”

“போட்டேன். கழுத்து வேற பிடிச்சிருக்கு. குனியவே முடியலை.”

“அந்த விடுதித் தலகாணி கல்லு மாதிரி இருந்துச்சு, நான்தான் பார்த்தேனே. தலகாணி இல்லாமப் படு. வென்னியில துணியை முக்கி ஒத்தடம் குடு.”

“சரி அத்தை. லைட்டைப் போட்டாக் கண்ணு கூசுது. அதான் இருட்டுல உக்காந்திருக்கேன்.”

“தூங்குப்பா. காலையில எந்திரிச்சுக் கூப்பிடு.”

நம் ஊரில் கழுத்துப் பிடிப்பு என்றால் என்ன? கோணலாகப் படுத்தால் வருவது. பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கினால் வருவது. தைலம் தேய்த்தால் ரெண்டு நாளில் போய்விடும். அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடி நான் பார்த்ததில்லை. அவன் சொன்ன சொல் அந்த அர்த்தத்தோடுதான் என் காதில் விழுந்தது. அவனும் அந்த அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பான்.

ஃபோனை வைத்ததும் கிளாரா தலை நிமிர்ந்தாள். “அமலனா? நன்றாக இருக்கிறானா?” என்று இங்கிலீஷில் கேட்டாள்.

“ஜலதோஷம்” என்றேன். அவள் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

5

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவே கிடந்தான். நினைவில்லை. வெளியே பெஞ்சில் ஒரு பெண் அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். விடுதியில் அவனுக்குப் பக்கத்து அறை, கிரேக்க நாட்டுப் பெண். அவள்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவள்.

முதல் நாள் சாயங்காலமே அவனைப் பார்த்துப் பயந்து, மருத்துவ மையத்தின் அவசர எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். உடம்பில் சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். விளக்கைக் கொண்டுபோய் அவன் கைகளைப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் தெரியவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டாள். விடிந்து கதவைத் தட்டினால் அவனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

நர்ஸ் என்னை உள்ளே கூட்டிப்போய் அவன் கால்மாட்டில் போர்வையை விலக்கினார். ரெண்டு உள்ளங்காலிலும் நாவல்பழம் நசுங்கினது போலக் கறைகள்.

“இந்த நிறத்துக்குக் கையில் சட்டென்று தெரியாது. உள்ளங்காலிலும் கண் இமைக்கு உள்ளேயும் பார்க்க வேண்டும்” என்றார்.

இங்கே இந்த நோயைப் பற்றி ஒட்டியிருக்கிற படங்களில் எல்லாம் வெள்ளைக் கைதான் இருக்கிறது. கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார், புள்ளி மறையாவிட்டால் ஆபத்து என்று எழுதியிருக்கும். நம் பிள்ளைகளின் கையில் எதை அழுத்திப் பார்ப்பது?

நான் வெளியே வந்ததும் அந்தப் பெண் எழுந்து வந்தாள்.

“தன்னி என்றால் என்ன?” என்று கேட்டாள். “ஆம்புலன்ஸில் திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். எங்களிடம் இங்கிலீஷே பேசவில்லை. யாருடைய பெயராவதா? நான் அவரைக் கூப்பிட வேண்டுமா?”

தண்ணீர் என்று சொன்னேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிற்பகல் மூன்றரைக்கு அமலன் போய்விட்டான். அண்ணனுக்கு என் வீட்டுக்காரர்தான் ஃபோன் செய்தார். நான் அவர் பக்கத்தில் கூட நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

6

மறுநாள் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். காய்ச்சல் வருவதற்கு முந்தின ஒரு வாரத்துக்குள் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் என்பதால் எங்கள் மூன்று பேருக்கும் மாத்திரை கொடுத்தார். ரத்தப் பரிசோதனையில் இது சி வகைக் கிருமி என்று வந்திருப்பதாகச் சொன்னார்.

“அந்த ஊசி போட்டிருந்தால்?” என்றேன்.

 “அந்த ஊசி சி வகைக்கும் சேர்த்துத்தான். பெரும்பாலும் காப்பாற்றியிருக்கும். உறுதியாக யாராலும் சொல்ல முடியாது.”

அவன் அறையைக் காலி செய்யப் போனபோது, விடுதிப் பொறுப்பாளர் அவன் பெயருக்கு இருந்த தபால்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ‘எஸ்’ தட்டில் இருந்தனவாம். அப்பா பெயரின் முதல் எழுத்து. ஊசிக்கு நாள் குறித்த கடிதமும் அதில் இருந்தது. அவன் விடுதிக்கு வந்த நாலாம் நாளே வந்து கிடந்திருக்கிறது. தினமும் ஒரு கை தூரத்தில் நின்று வேறு தட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

பிறகு காகிதங்கள். மரண விசாரணை அதிகாரியின் அனுமதி, இறப்புச் சான்றிதழ், தூதரகக் கடிதம், உடலைப் பதப்படுத்தியதற்குச் சான்று, பெட்டியைத் திறக்க மாட்டோம் என்று ஒரு கையெழுத்து. எல்லாப் படிவத்திலும் அதே குடும்பப் பெயர்க் கட்டம். சவரிமுத்து, சவரிமுத்து என்று எழுதி எழுதி, உயிரோடு இருக்கிற அண்ணனுக்கே நான் சான்றிதழ் வாங்குகிற மாதிரி இருந்தது.

மெட்ராஸிலிருந்து வேனில் காரைக்குடிக்குக் கொண்டுபோனோம். மதினி பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கதறினார். திறக்க முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்ட பிறகு அண்ணன் என்னருகே வந்து நின்றார். மதினி அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஊசி போட்டிருந்தா ரோஸி?” என்றார் அண்ணன்.

மதினி என் முகத்தையே பார்த்தார்.

“இது வேற வகைண்ணே. அந்த ஊசி இதுக்குக் கேக்காது.”

அண்ணன் தலையை ஆட்டினார். நான் மூன்றாம் நாளே விமானம் ஏறிவிட்டேன்.

7

இப்போது வியாழக்கிழமை. கிளாராவோடு நானும் போவேன் என்றதும் அவள் முகம் சுளித்தாள். பிறகு சரி என்றாள். ஊசி போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கையில் ஒரு பஞ்சு, கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்கள், முடிந்தது. நான் நர்ஸிடம் தாங்க்யூ சொல்ல வாயெடுத்தேன், சொல்ல வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கிளாரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். இங்கிலீஷில்தான்.

“அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அமலன் என்ன சொன்னான்?”

ஒரு வருஷத்தில் அவள் கேட்டதே இல்லை. காய்ச்சல், தலைவலி என்றேன். வேறு என்ன என்றாள். கண் கூசுகிறது என்றான். வேறு? கழுத்து வலி, குனிய முடியவில்லை என்றான். அந்த மொழியில் சொல்லும்போதே எனக்கு அது வேறு நோயாகக் கேட்டது.

கிளாரா என் பக்கம் திரும்பினாள். பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். போன வருஷம் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்ததாம். ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. காய்ச்சல், கடும் தலைவலி, வெளிச்சம் கூசுதல், கழுத்து விறைப்பு. இவை சேர்ந்து வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

“இது எனக்கு மனப்பாடம். அப்போதே மனப்பாடம்” என்றாள். “நான் அங்கேதானே அம்மா உட்கார்ந்திருந்தேன். என்னிடம் சொல்லியிருக்கலாமே.”

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. குரலில் கோபமே இல்லை. ஒரே மேசையில், நாலு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தும் தனக்கு ஒன்றும் புரியாமல் போனதைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போய்விட்டது.

8

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தார்.

“அண்ணே, கல்லறையில நான் சொன்னது பொய். அந்த ஊசி இதுக்குக் கேட்டிருக்கும். டாக்டரம்மா அப்பவே சொன்னாக.”

“தெரியும்” என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

“நீ குடுத்த சான்றிதழ்ல சி வகைன்னு போட்டிருக்கு. பல்கலைக்கழகத் தாள்லயும் ஊசி ஏ, சி ரெண்டுக்கும்னு போட்டிருக்கு. நான் வாத்தியார் ரோஸி. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்க மாட்டேனா?”

“பெறகு ஏண்ணே ஒரு வார்த்தை கேக்கலை?”

“என்னன்னு கேக்க? டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்தது நீயா? நான்தானே கியூவுல நின்னு குடுத்தேன். ஒரு அலைச்சல் மிச்சம்னு சந்தோசமா வீட்டுக்கு வந்தேன்.” எப்போதும் போல வெளிநாட்டு ஃபோன் என்பதால் சத்தமாகத்தான் பேசினார். “உன் மதினிக்காகத்தான் நீ சொன்னதை நம்புன மாதிரி இருந்துகிட்டேன். அவளாவது நிம்மதியா இருக்கட்டும்.”

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபோனைச் சொன்னேன். கழுத்துப் பிடித்திருக்கிறது என்று அவன் சொன்னதையும், நான் ஒத்தடம் கொடுக்கச் சொன்னதையும், கிளாரா பக்கத்தில் இருந்ததையும்.

 “இது எனக்குத் தெரியாது” என்றார் அண்ணன். “உனக்குப் பேசினானா அன்னைக்கு?” அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. லைன் கட்டாகவில்லை.

“ரோஸி.”

மதினியின் குரல். மண் போட்ட நாளுக்குப் பிறகு மதினி ஒரு தடவைகூட என் ஃபோனுக்கு வந்ததில்லை. எவ்வளவு கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் பேசிய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

“மதினி” என்றேன்.

“கிளாராவுக்கு ஊசி போட்டாச்சா?”

“இன்னைக்குத்தான் மதினி. காலையில.”

“காய்ச்சல் வருமா?”

“லேசா வரலாம்னு சொன்னாக.”

“வந்தா, மாத்திரையைக் குடுத்துட்டு நீ பாட்டுக்குப் போயிராத. பக்கத்துலயே இரு. எங்க வலிக்குது, என்ன செய்யுதுன்னு அவகிட்டயே கேளு. அவ பாஷையிலயே கேளு.”

வைத்துவிட்டார்.

நான் மாடிக்குப் போய்க் கிளாராவின் கதவைத் தட்டினேன். விடுதிக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளைக் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். கை வலிக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டேன். கொஞ்சம் என்றாள். காய்ச்சல் மாதிரி இருக்கிறதா? இல்லை. நான் இங்கே உட்காரட்டுமா?

அவள் துணிகளை ஒதுக்கி இடம் விட்டாள்.